புகையும் தேங்காய்ப்பாலும் ஒரே குப்பியில்: வாசகர் கேள்விகள்

ஒரு பக்கம் வெப்பமண்டலப் பூவும் காயும், மறுபக்கம் தார் வாடையும் கரிப்புகையும். இரண்டையும் கூட்டிச் செய்யும் 'நிஷ்' வகை (சிறிய நிறுவனங்கள் குறைந்த அளவில் செய்யும்) சென்ட்டுகளைப் பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: புகைவாசம் உள்ளது என்று ஒரு நிஷ் சென்ட் வாங்கினேன். தேங்காய், இலாங்-இலாங், ஈழத்தலரி, வெட்டிவேர், புகை என்று அட்டையில் இருக்கிறது. அடித்ததும் மருந்து வாடையும் சைக்கிள் டியூப் எரிந்த வாடையும்தான் வருகின்றன. அரைமணி நேரம் போனால் அருமையாக இருக்கிறது. சரக்கு பழசா?

பதில்: பழசாக இருந்தால் இப்படி நடக்காது. நாள்பட்ட சென்ட்டில் முதலில் கெடுவது எலுமிச்சை, பெர்கமாட் போன்ற மேல்வாசனைகள், அதாவது அடித்ததும் முதலில் எழும்புபவை. அவை வார்னிஷ் போலவோ புளித்தது போலவோ மாறும். உங்களுக்கு வருவது பினால் வகை வாடை, அதாவது கிருமிநாசினி போன்ற நெடி. அது இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று புகைக்காகச் சேர்த்த தார்: அதில் குவாயகால், கிரெசால் ஆகியவை உண்டு. மற்றொன்று, பலரும் சந்தேகப்படாத இலாங்-இலாங் பூ. அதன் தைலத்தில் பாரா-கிரெசைல் மெத்தில் ஈதர் என்ற பொருள் இயற்கையாகவே இருக்கிறது. தனியே முகர்ந்தால் அதிலும் மருந்து நெடிதான். தாரும் இலாங்கும் சேரும்போது இந்த இரண்டு நெடிகளும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும்.

இவை எளிதில் ஆவியாகும் பொருள்கள். எனவே முதல் இருபது நிமிடம் இவற்றின் ஆட்டம். இவை தணிந்ததும் வெட்டிவேரும் தேங்காயும் வெளியே வருகின்றன. காகிதக் கீற்றில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று அடித்து, 5 நிமிடம், 40 நிமிடம், 4 மணி நேரம் என்று மூன்று முறை முகர்ந்து பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் டியூப் வாடை விடவில்லையென்றால் அது செய்தவரின் கைக்கோளாறு: தாரைக் கூட்டிவிட்டு, அதைத் தாங்கும் பொருள்களைக் குறைத்துவிட்டார்.

கேள்வி: புகையை எப்படிப் பிடித்து சென்ட்டில் போடுகிறார்கள்? அட்டையில் 'புகை' என்று மட்டும்தான் இருக்கிறது.

பதில்: அட்டையில் இருப்பவை வாசனை எதை நினைவூட்டுகிறது என்று சொல்லும் பெயர்கள். உள்ளே என்ன ஊற்றினார்கள் என்பது வேறு கணக்கு. 'புகை' என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் நான்கைந்து பொருள்கள் இருக்கலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகைப் புகை.

முதலாவது பிர்ச் தார். பிர்ச் மரப்பட்டையைக் காற்றுப் புகாமல் சூடாக்கினால் வடியும் கறுப்புக் குழம்பு. ரஷ்யத் தோல் பதனிடுவதில் இதைப் பயன்படுத்தியதால், இந்த வாசனை வந்தாலே 'தோல்' என்று மூக்கு படித்துவிடும். அடுத்தது கேட் எண்ணெய், ஜூனிப்பர் மரக்கட்டையிலிருந்து இதே முறையில் எடுப்பது. பிர்ச்சில் தோலும் ரப்பரும் தூக்கலாக இருக்கும். கேட் எண்ணெயில் அணைந்த விறகடுப்பு வாசம். இரண்டையும் சுத்திகரித்த பிறகுதான் சென்ட்டில் சேர்க்கலாம். சுத்திகரிக்காத தாரில் புற்றுநோய் உண்டாக்கும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் இருப்பதால், சர்வதேச நறுமணச் சங்கமான இஃப்ரா அதைத் தடை செய்திருக்கிறது.

மூன்றாவது வகை எரிக்காத புகை. குவாயக் மரத் தைலம் தென் அமெரிக்காவின் கிரான் சாக்கோ காட்டு மரத்திலிருந்து வருகிறது. மெல்லிய புகை, கொஞ்சம் ரோஜா, கொஞ்சம் தேயிலை. முத்தக்காசு இனத்து நாகர்மோதாக் கிழங்கின் தைலம் சிப்ரியோல் என்ற பெயரில் விற்கிறது. அதில் ஈரமண்ணும் தோலும் புகையும் கலந்திருக்கும். பிறகு வெட்டிவேர். பிரெஞ்சுக்காரர்கள் 'வெட்டிவேர்' என்று சொல்வது நம் சொல்லைத்தான். ஹைட்டி வெட்டிவேர் சுத்தமாக, சிட்ரஸ் சாயலோடு இருக்கும். ஜாவா வெட்டிவேரில் கருகல் வாசம் அதிகம். இந்த ரகச் சென்ட்டுக்கு ஜாவாதான் பொருத்தம்.

அத்தருக்குப் பேர்போன உத்தரப் பிரதேசக் கன்னோஜில் செய்யும் 'சோயா' தைலங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குந்திரிக்கம், சால் மரப்பிசின், கடல்சிப்பி ஆகியவற்றைக் கருக வைத்து வடிப்பவை. சிப்பிச் சோயாவில் கடல் உப்பும் புகையும் சேர்ந்தே வரும். கடற்கரைக் கருப்பொருளோடு சென்ட் செய்பவர்களுக்கு இதைவிட நேரடியான பொருள் கிடையாது. ஆனால் இதன் மூர்க்கம் தார் போலத்தான்.

கேள்வி: தேங்காயும் புகையும் ஏன் ஒட்டுகின்றன? இரண்டும் எதிர்துருவம் அல்லவா?

பதில்: தேங்காய்க்கும் புகைக்கும் நேரடி உறவு குறைவு. வேலை செய்வது இடையில் நிற்பவர்கள்.

மரத்தைக் கெட்டியாக வைத்திருக்கும் லிக்னின் எரியும்போது குவாயகால் பிறக்கிறது. விறகுப் புகைக்கு முகம் கொடுக்கும் முக்கியமான மூலக்கூறுகளில் அது ஒன்று. அதே குவாயகாலின் உடம்பில் ஒரு ஆல்டிஹைடு கையைப் பொருத்தினால் வனிலின், அதாவது வனிலா வாசனை. தொழிற்சாலையில் வனிலினைப் பெரும்பாலும் குவாயகாலிலிருந்துதான் செய்கிறார்கள். வேறொரு கையைப் பொருத்தினால் யூஜினால், கிராம்பின் வாசனை. அதன் இரட்டைப் பிறவி ஐசோயூஜினால் இலாங்-இலாங்கில் சிறிதளவு இருக்கிறது. எனவே புகை, கிராம்பு, வனிலா, கனமான வெள்ளைப் பூ எல்லாம் ஒரே குடும்பத்து ஆட்கள். தேங்காய் இந்தக் குடும்பத்தில் சேராது. ஆனால் அதன் பால் வாசனை வனிலாவோடு சட்டென்று ஒட்டும். வனிலா கையைப் பிடித்துக்கொண்டுதான் தேங்காய் புகைக்குப் பக்கத்தில் போய் உட்காருகிறது.

தேங்காய் ஓட்டிலும் லிக்னின் நிறைய. அதைச் சுட்டால் வரும் புகையிலும் இதே பினால்கள். 'கருகிய தேங்காய் ஓடு' என்ற கற்பனையை மையமாக வைத்துச் செய்த சென்ட்டுகள் செயற்கையாகத் தோன்றாததற்கு இதுவே காரணம். மேலே புகையைத் தூவியதுபோல இருக்கும் சென்ட்டுகளில் பெரும்பாலும் இந்த இணைப்புச் சரக்கு இருக்காது.

கேள்வி: தேங்காய் வாசனை இயற்கையா? எனக்கு அது வெயில் கிரீம் போலவே தோன்றுகிறது.

பதில்: தேங்காயிலிருந்து ஆவிவடிப்பில் தைலம் எடுப்பது பலன் தராது. சென்ட்டில் தேங்காய் என்பது லாக்டோன்கள் என்ற, பால் வாசமுள்ள சேர்மங்கள். காமா-நோனாலாக்டோன்தான் நெடுநாள் வேலைக்காரர். வியாபாரத்தில் அதற்கு 'ஆல்டிஹைடு சி-18' என்று பெயர். அது ஆல்டிஹைடும் இல்லை, 18 கார்பனும் இல்லை, பழைய வியாபாரப் புனைபெயர். வேடிக்கை என்னவென்றால், உண்மையான தேங்காயின் வாசனையில் முக்கியமானவை டெல்டா-ஆக்டாலாக்டோனும் டெல்டா-டெகாலாக்டோனும். காமா மட்டும் போட்டால் பிஸ்கட் வாசம். டெல்டா சேர்த்தால் பால்.

வெயில் கிரீம் சாயலுக்குக் காரணம் சாலிசிலேட்டுகள். பென்சைல் சாலிசிலேட் புற ஊதாக் கதிரை உறிஞ்சக்கூடியது. அதனால் ஆரம்பகால வெயில் தடுப்புத் தைலங்களில் சேர்த்தார்கள், அந்த வாசனையே கடற்கரைக்கு அடையாளமாகிவிட்டது. சென்ட் செய்பவர்கள் இதைத் தெரிந்தேதான் சேர்க்கிறார்கள். பசிபிக்கில் உள்ள பிரெஞ்சுத் தீவான டஹீட்டியின் மொனோய் தைலம் இன்னொரு மூலம்: தியாரே (ஒரு வகை கார்டீனியா) பூக்களைத் தேங்காயெண்ணெயில் ஊறவைப்பது. பிரான்ஸ் 1992-இல் அதற்கு இடப்பெயர்க் காப்பு கொடுத்தது. 'தியாரே' என்று அட்டையில் பார்த்தால், தேங்காயும் சாலிசிலேட்டும் சேர்ந்தே வரும் என்று எதிர்பார்க்கலாம்.

கேள்வி: வீட்டில் கலந்து பார்க்கிறேன். இலாங்-இலாங், தேங்காய் வாசனை, இரண்டு சொட்டு பிர்ச் தார். புகை எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. தேங்காயை எவ்வளவு கூட்டினாலும் தீர்வில்லை. அளவு சொல்லுங்கள்.

பதில்: தேங்காயைக் கூட்டியதால்தான் மோசமாகியிருக்கும். லாக்டோன் கூடக் கூடத் தாரின் ரப்பர் முகம் தடிக்கிறது. கடைசியில் கருகிய பால் வாசம்தான் மிஞ்சும்.

முதல் பிழை 'சொட்டு'. சொட்டின் எடை டிராப்பருக்கு டிராப்பர் மாறும். கெட்டியான திரவத்துக்கு ஒன்று, இளகியதற்கு ஒன்று. குறைந்தது 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும், 0.001 இருந்தால் நல்லது. இரண்டாவது பிழை, தாரை அப்படியே ஊற்றியது. குவாயகாலை நூறு கோடிப் பங்கு நீரில் சில பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். 1 கிராம் சுத்திகரித்த தார், 9 கிராம் எத்தனால் என்று 10 சதவீதக் கரைசல் செய்து, ஒரு நாள் வைத்து, அடியில் தங்கும் கசடைக் காபி வடிதாளில் வடித்துக்கொள்ளுங்கள். சிப்ரியோல், வனிலின், யூஜினால், லாக்டோன்கள் எல்லாவற்றையும் இதேபோல 10 சதவீதக் கரைசலாக வைத்துக்கொண்டால் சிறிய அளவுகளைத் தராசில் பிடிக்க முடியும்.

10 கிராம் மூலக்கலவைக்கு (எத்தனாலில் கரைப்பதற்கு முந்தைய கலவை) இந்த அளவில் தொடங்குங்கள். புகைப் பக்கம்: ஜாவா வெட்டிவேர் 1.00 கிராம், குவாயக் மரத் தைலம் 1.00, குந்திரிக்கத் தைலம் 0.40, சிப்ரியோல் கரைசல் 0.50, பிர்ச் தார் கரைசல் 0.20. பூவும் தேங்காயும்: இலாங்-இலாங் 0.50, பென்சைல் சாலிசிலேட் 2.00, காமா-நோனாலாக்டோன் கரைசல் 0.50, டெல்டா-டெகாலாக்டோன் கரைசல் 0.30. இணைப்புக்கு வனிலின் கரைசல் 0.50, யூஜினால் கரைசல் 0.20. கலவை இறுகாமல் இருக்க ஹெடியோன் (மெல்லிய மல்லிகைச் சாயல் உள்ள செயற்கைப் பொருள்) 2.10, மேல்வாசனைக்கு பியூரோகூமரின் (வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கும் பொருள்) நீக்கிய பெர்கமாட் 0.80. கூட்டிப் பாருங்கள், சரியாக 10.00 வரும்.

இதில் உண்மையான தார் 0.02 கிராம்தான், மூலக்கலவையில் 0.2 சதவீதம். நம்பிக்கை வராது. ஆனாலும் கலந்து முகர்ந்து பாருங்கள். புகையின் கனத்தை வெட்டிவேரும் குவாயக்கும் சுமக்கின்றன, தார் தீக்குச்சி உரசுவதுபோல ஒரு பொறி மட்டும்.

குவாயக் தைலம் சாதாரண வெப்பத்தில் மெழுகு போல உறைந்திருக்கும். 50 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் குப்பியை நிறுத்தி முழுவதும் இளக்கிய பிறகே எடையிடுங்கள். மேலாக இளகியதை மட்டும் ஊற்றினால் ஒவ்வொரு தடவையும் வேறு சரக்கு கிடைக்கும். கனமான பொருள்களை முதலில் எடுத்து, பெர்கமாட்டைக் கடைசியில் சேருங்கள். மூடிய குப்பியில் இருட்டில் இரண்டு வாரம் விடுங்கள். பிறகு 3 கிராம் கலவைக்கு 17 கிராம் 95 சதவீத எத்தனால் சேர்த்து (மொத்தம் 20 கிராம், 15 சதவீதச் செறிவு) இன்னும் நான்கு வாரம். முதல் நாள் வாசனையை வைத்து அளவை மாற்றவே கூடாது. புதுக் கலவையில் தார் தனித்துத் துருத்தும், வாரங்கள் போகப் போக அடங்கும்.

ஆறு வாரத்துக்குப் பிறகும் புகை மேலோங்கினால் தார்க் கரைசலை 0.10 ஆக்குங்கள், அந்த 0.10 கிராமைக் குவாயக்குக்குக் கொடுங்கள். புகை போதவில்லையென்றால் தாரைத் தொடாமல் சிப்ரியோலை 0.80 வரை ஏற்றுங்கள். இனிப்பு திகட்டினால் வனிலினைக் குறைக்கலாம், ஆனால் முழுதாக எடுத்துவிட்டால் தேங்காய் தனியே மிதக்கும். ஒரு முறைக்கு ஒரு பொருளை மட்டும் மாற்றி, தேதியும் எடையும் எழுதி வையுங்கள்.

கையுறை போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில், அடுப்பும் தீயும் அருகில் இல்லாமல் செய்யுங்கள். எத்தனால் ஆவி எளிதில் பற்றிக்கொள்ளும். தார்க் குப்பியை இரட்டைப் பையில் கட்டித் தனியே வையுங்கள், இல்லாவிட்டால் அதே பெட்டியில் இருக்கும் எல்லாத் தைலமும் ஒரு மாதத்தில் விறகடுப்பாகிவிடும்.

கேள்வி: இலாங்-இலாங்கில் 'எக்ஸ்ட்ரா', 'முதல்', 'மூன்றாம்' என்று விற்கிறார்கள். எது வாங்க வேண்டும்? மனோரஞ்சிதமும் இதுவும் ஒன்றா?

பதில்: இரண்டும் சீத்தா குடும்பம், செடிகள் வேறு. தரப்பெயர்கள் ஆவிவடிப்பின் நேரத்தைச் சொல்கின்றன. முதலில் வடிவது 'எக்ஸ்ட்ரா': பூ வாசமும் அந்த மருந்து நெடியும் இதில் உச்சம். கடைசியில் வடியும் மூன்றாம் தரத்தில் மரவாசமான செஸ்க்விடர்பீன்கள் மிகுதி. விலை உயர்ந்ததே சிறந்தது என்று எக்ஸ்ட்ராவை எடுத்து, தாரோடு சேர்த்துவிட்டு, மருந்துக்கடை வாசம் வருகிறதே என்று திணறுபவர்கள் நிறைய. புகைச் சென்ட்டுக்கு முதல் தரமோ இரண்டாம் தரமோ போதும்.

கேள்வி: பழமும் புகையும் சேர்ந்த சென்ட் உண்டா?

பதில்: உண்டு, பெயர் பெற்றவையும் உண்டு. லார்ட்டிசான் பர்ஃப்யூமர் நிறுவனத்துக்காக பெர்ட்ரான் டுஷோஃபூர் செய்து 2004-இல் வந்த 'டிம்பக்டு'வில் மாங்காயின் பச்சை வாசம், பப்பைரஸ், தூபப்புகை, வெட்டிவேர். காய்ந்த, இனிப்பில்லாத வெப்பமண்டலம். 2010-இல் வந்த கிரீட் 'அவென்டஸ்' அன்னாசியையும் பிர்ச்சையும் சேர்த்தது. இன்று சந்தையில் உள்ள 'அன்னாசி-புகை' வகையறாவில் பெரும்பகுதி அதன் வாரிசுகள். தோல், தார் பக்கம் முழுதாகச் சாய்ந்ததைப் பார்க்க வேண்டுமானால் 2006-இல் அனிக் மெனார்டோ செய்த லெ லாபோ 'பச்சுலி 24' இருக்கிறது. பெயரில் பச்சுலி என்ற இலைத் தைலம், மூக்கில் பிர்ச் தாரும் வனிலாவும். மேலே சொன்ன குவாயகால் உறவை ஒரே முகர்வில் புரிந்துகொள்ள அது நல்ல பாடம்.

பழத்தில் ஒரு சிக்கல். அன்னாசி வாசனை தரும் அலைல் ஹெக்சனோயேட் போன்ற எஸ்டர்கள் சீக்கிரம் பறந்துவிடும். எனவே பழமும் புகையும் சந்திப்பது ஆரம்பத்தில் சிறிது நேரம்தான். நாள் முழுக்க அன்னாசி மணக்கிறது என்றால் கனமான வேறு பொருள் அந்த வேடத்தைக் கட்டியிருக்கிறது. அந்த வேடம் பெரும்பாலும் பிளாஸ்டிக் போலவே முடியும். புகைக்குக் காயின் பச்சை வாசமே பொருத்தம், பழுத்த இனிப்பு அவ்வளவாகப் பொருந்தாது என்பது எங்கள் அபிப்பிராயம்.

கேள்வி: வாங்கும்போது தேன் நிறம், எட்டு மாதத்தில் காபி நிறம். சட்டையிலும் கறை.

பதில்: வனிலின் இருந்தால் பழுப்பேறும். ஈழத்தலரி, ஆரஞ்சுப்பூ வாசனைகளுக்குச் சேர்க்கும் மெத்தில் ஆந்த்ரனிலேட், ஆல்டிஹைடுகளோடு கூடி ஷிஃப் பேஸ் என்ற மஞ்சள்-ஆரஞ்சுச் சேர்மமாகும். தாருக்கு இயல்பிலேயே கறுப்பு. வாசனை மாறாதவரை நிறத்தைப் பொருட்படுத்த வேண்டாம். வெளிச்சமும் சூடும் இதை வேகப்படுத்தும், எனவே அட்டைப்பெட்டியிலேயே வையுங்கள். வெள்ளைத் துணியில் அடிக்காதீர்கள். துணியில் புகைவாசம் பல நாள் நிற்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

குளிரில் கலங்கினால் குவாயக்கோ பிசினோ படிகிறது, அறைச் சூட்டில் தெளியும். வீட்டில் கலந்தது உடனே பால் போலக் கலங்கினால் ஆல்கஹாலில் தண்ணீர் அதிகம்.

கேள்வி: வெயில் நாளில் எத்தனை முறை அடிக்கலாம்?

பதில்: இரண்டு. சட்டைக்குள் மார்பில் ஒன்று, முதுகுப்புறம் ஒன்று. சூடு ஆவியாதலைக் கூட்டும், முன்னே பாய்வது பினால். கழுத்தில் அடித்தால் உங்கள் மூக்கு பத்து நிமிடத்தில் பழகிவிடும், பக்கத்தில் இருப்பவருக்குப் பழகாது. வெளியே கிளம்புவதற்கு அரைமணி நேரம் முன்பே அடித்துவிடுங்கள். மருந்து வாடையை வீட்டோடு விட்டுவிட்டு வரலாம்.

கேள்வி: எனக்குத் தோல் ஒவ்வாமை உண்டு. இந்த வகையில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: ஐசோயூஜினால், யூஜினால், பென்சைல் சாலிசிலேட், இலாங்-இலாங் நான்கும் ஒவ்வாமைப் பட்டியலில் உள்ளவை, நான்கும் இந்த வகையில் சகஜம். ஐரோப்பிய ஒன்றியம் 26 ஆக இருந்த கட்டாய அறிவிப்புப் பட்டியலை 2023-ஆம் ஆண்டின் 1545-ஆம் எண் விதியால் 80-க்கும் மேலாக விரித்திருக்கிறது. தோலில் தங்கும் பொருளில் 0.001 சதவீதத்தைத் தாண்டினாலே பெயர் போட வேண்டும். எனவே அந்தச் சிறிய எழுத்தைப் படியுங்கள். தேங்காய் வாசனைக்காக மசோயா மரப்பட்டைத் தைலத்தை யாராவது பரிந்துரைத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நல்ல தேங்காய் வாசம்தான், ஆனால் தோலைக் கடுமையாக எரிக்கக்கூடியது. முழங்கை மடிப்பில் ஒரு தடவை அடித்து 48 மணி நேரம் பாருங்கள். ஏற்கெனவே சென்ட்டால் தடிப்பு வந்தவர் என்றால் அதையும் தோல் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கலவை வீட்டில் செய்ததென்றால் முதல் சோதனை காகிதக் கீற்றில் மட்டும்.